கேட்டுக்குள் வந்த பிறகு

தில்லி, ஞாயிறு

அன்புள்ள மீனா,

ஏப்ரலில் ஒன்றாம் வகுப்பு உன் கைக்கு வருகிறது என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. தனியார் பள்ளியில் 25 சதவீத இட ஒதுக்கீட்டில் வரும் ஏழைப் பிள்ளைகளை வகுப்பில் எப்படிக் கவனித்துக்கொள்வது என்று கேட்டிருந்தாய். 2009 கல்வி உரிமைச் சட்டம் பிள்ளையைக் கேட்டுக்குள் கொண்டுவந்து விட்டுவிடும். அதற்கப்புறம் எல்லாம் வகுப்பு டீச்சர் கையில்தான்.

முதலில் வருகைப் பதிவேட்டைத் திறந்து பார். பெயருக்கு எதிரே ‘ஈ.டபிள்யூ.எஸ்.’ (பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு) என்று பென்சிலில் எழுதியிருந்தாலும் அழித்துவிடு. அந்தப் பட்டியல் ஆபீஸில் இருந்தால் போதும். “ஈ.டபிள்யூ.எஸ். பசங்க எழுந்திருங்க” என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாலும் போச்சு. அடுத்த வாரம் டிபன் நேரத்தில் யார் பக்கத்தில் யார் உட்காருவதில்லை என்று பார், தெரிந்துவிடும். இலவசப் புத்தகம், சீருடை முதல் வாரமே வந்ததா என்றும் விசாரி. சட்டை வராத பிள்ளை கலர் சட்டையில் தனியாகத் தெரியும்.

இந்தப் பிள்ளைகள் அதிகம் அடிபடுவது புராஜெக்டில்தான். இரவு எட்டு மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் ‘நாளைக்குக் கலர் பிரிண்ட், சார்ட்’ என்று வரும். வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவோடு டூட்டியில் இருக்கும். காலையில் வெறுங்கையோடு நிற்கும் பிள்ளைக்கு அக்கறையில்லை என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். புராஜெக்டை வகுப்பிலேயே செய்யச் சொல். ஓர் அட்டைப்பெட்டியில் 20 பென்சில், 5 ஷார்ப்னர், நாலு செட் கிரேயான், பசை, பழைய காலண்டர் தாள் போட்டு வை. யார் வேண்டுமானாலும் கேட்காமல் எடுக்கலாம். ‘இல்லாதவர்களுக்கு’ என்று சொன்னால் அந்தப் பெட்டியே முத்திரையாகிவிடும். வீட்டுப்பாடத்தைக் கடைசிப் பத்து நிமிடத்தில் டைரியில் எழுத வை.

தாமதமாக வரும் பிள்ளையை வெளியே நிறுத்தாதே. 2025 ஜூனில் ஜங்புராவில் தமிழர்கள் வாழ்ந்த மதராசி கேம்ப் குடிசைப் பகுதியை இடித்தபோது பல குடும்பங்களுக்கு நரேலாவில் வீடு கொடுத்தார்களே, அங்கிருந்து இந்தப் பக்கம் வர ஏறக்குறைய 40 கிலோமீட்டர். இருட்டில் கிளம்பிய ஆறு வயதுப் பிள்ளைக்கு முதல் பீரியடில் தேவை தண்ணீரும் பிஸ்கட்டும். ‘மக்கு’ என்று திட்டுவதும் மன உபாதைதான், கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது.

திங்கள்தோறும் வயிற்றுவலி, திடீரென்று பேச்சு குறைவது, இதையெல்லாம் தேதியோடு ஒரு வரி குறித்துக்கொள். அம்மாவுக்கு போன் செய்வதென்றால் அவர் வேலை முடித்து வந்தபின், ஏழு மணிக்கு மேல். முதல் இரண்டு போனில் நல்ல செய்தி மட்டும் சொல். பள்ளியிலிருந்து போன் என்றாலே புகார்தான் என்று பயந்து எடுக்காமல் விடுகிறவர்கள் நிறைய.

பெற்றோர் சந்திப்பு காலையில் மட்டும் என்றால் அரைநாள் கூலி போகும் என்று பலர் வரமாட்டார்கள். மாலை ஆறு மணிக்கும் ஒரு நேரம் கேட்டுப் பார். பிரின்சிபால் என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
வசந்தா