பள்ளிக்கு மருத்துவக் குழு வருகிறது: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் புதன்கிழமை நம் பள்ளிக்கு மருத்துவக் குழு வருகிறது. பிள்ளைகளின் கண், காது, பல், தோல், இதயம், எடை, உயரம் எல்லாம் பார்ப்பார்கள். அன்றைக்கு யாரையும் லீவு போட வைக்காதீர்கள். ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவு இங்கேயே உண்டு. ஆறு, ஏழு, எட்டு படிப்பவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வரட்டும்.

"பிள்ளை நல்லாத்தானே இருக்கு, எதுக்கு டாக்டர்?" என்று சிலர் கேட்கிறீர்கள். காய்ச்சல் என்றால் நீங்களே தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள். ஆனால் கண் மங்கலாகத் தெரிகிற பிள்ளை அதை வீட்டில் சொல்லாது. எல்லாருக்கும் உலகம் இப்படித்தான் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டு, கரும்பலகையை விட்டுவிட்டுப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதும். அதற்குப் பெயர் சோம்பல் என்று நாமும் திட்டுவோம். காது சரியாகக் கேட்காத பிள்ளைக்கும் இதே கதிதான். இந்த மருத்துவக் குழுவை அனுப்புகிற, 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் (RBSK) பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பிறவிக் குறை, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றைத் தேடிப் பார்ப்பதற்கென்றே வந்தது.

பார்ப்பது பாதி வேலைதான். சந்தேகம் இருந்தால் மாவட்ட மருத்துவமனைக்குப் போகச் சொல்லி ஒரு சீட்டு தருவார்கள். அது பல நேரம் ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் நாலாக மடிந்தபடியே கிடக்கிறது. ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. அது எங்களுக்கும் தெரியும். அதனால் சீட்டு வாங்கிய பிள்ளைகளை ஒரே நாளில் சேர்த்து அழைத்துப்போக, பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசியிருக்கிறோம். ஓர் ஆசிரியரும் சில பெற்றோரும் கூட வருவார்கள். உங்களால் வர முடியாவிட்டால் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் இதயம் சம்பந்தமான சீட்டு என்றால் மட்டும் வீட்டுப் பெரியவர் ஒருவர் கட்டாயம் வர வேண்டும். அறுவை சிகிச்சை தேவைப்பட்டாலும் அரசுச் செலவில் செய்ய வழி இருக்கிறது. பயந்துபோய்ச் சீட்டை ஒளித்து வைக்க வேண்டாம்.

அப்புறம், குடற்புழு மாத்திரை. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தருவது. எங்கள் முன்னாலேயே மென்று சாப்பிட வைப்போம். "என் பிள்ளைக்குப் புழு இல்லை, வேண்டாம்" என்று எழுதி அனுப்பாதீர்கள். புழுவின் முட்டை மலத்தோடு மண்ணுக்கு வந்து, அங்கிருந்து அடுத்த பிள்ளையின் கைக்கும் வாய்க்கும் போகிறது. கொக்கிப்புழுவோ வெறுங்காலில் நடந்தாலே தோல் வழியாக ஏறி, குடலில் ஒட்டி ரத்தத்தை உறிஞ்சும். தெருவில் நாலு வீடு விட்டுப்போனாலும் மற்றவர்களுக்குத் திரும்ப வரும். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கொடுப்பது இதனால்தான். சில பிள்ளைகளுக்கு லேசாக வயிறு வலிக்கலாம், குமட்டலாம். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். காய்ச்சலாக இருக்கும் பிள்ளைக்கு அன்று தர மாட்டோம், பிறகு தருவோம்.

வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். மாத்திரை போட்ட கையோடு டீ மட்டும் கொடுக்காதீர்கள். டீ அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது.

பத்து வயதான பிள்ளைகளுக்கு ரண ஜன்னி, தொண்டை அடைப்பான் இரண்டுக்கும் சேர்த்து ஒரு தடுப்பூசி உண்டு. 2017-ல் தட்டம்மை, ரூபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியை நம்பி நம் மாநிலத்தில் பல பெற்றோர் தயங்கியது நினைவிருக்கும். இந்த முறை அப்படி ஏதாவது வந்தால், பார்வர்டு செய்யும் முன் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள். அவர் புதன்கிழமை காலையிலிருந்தே பள்ளியில் இருப்பார்.

கீழே உள்ள ஒப்புதல் பகுதியில் கையெழுத்திட்டு, பிள்ளைக்கு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாது என்றாலோ வலிப்பு வந்திருந்தாலோ அதையும் எழுதி, திங்கட்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். தடுப்பூசி அட்டை இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
அரசு நடுநிலைப் பள்ளி