நான்கு தென்மாவட்டக் குறும்பட இயக்குநர்களுக்கு நிதியுதவியும் துறைசார் வழிகாட்டுதலும் வேண்டி மனு

அனுப்புநர்:
குறும்பட இயக்குநர்கள், ஒளிப்பதிவாளர்கள், ஒலிப்பதிவாளர்கள், படத்தொகுப்பாளர்கள்,
மதுரை, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை மாவட்டங்கள்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
தமிழ் வளர்ச்சி மற்றும் செய்தித் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: குறும்படங்களுக்குத் தவணை முறையில் நிதியுதவி, வழிகாட்டுநர் நியமனம் – முன்னோடித் திட்டம் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். சிறு முதலீட்டில் எடுக்கப்படும் தரமான திரைப்படங்களுக்குப் படம் ஒன்றுக்கு 7 லட்சம் ரூபாய் மானியம் தரும் வழக்கம் தமிழக அரசிடம் ஏற்கெனவே உண்டு. அது எடுத்து முடித்துத் திரைக்கு வந்த முழுநீளப் படங்களுக்கு உரியது. குறும்படம் எடுப்பவருக்கு அதில் இடமில்லை. அப்படி இடம் இருந்தாலும், படம் முடிந்த பிறகு வரும் பணம் பயன்படாது; கேமரா வாடகைக்கு விடுபவர் முன்பணம் வாங்காமல் பெட்டியைக் கொடுப்பதில்லை. எனவே எவ்வளவு தொகை என்பதைக் காட்டிலும், அது எப்போது கைக்கு வருகிறது என்பதற்கே இம்மனுவில் அழுத்தம் தருகிறோம்.

15 நிமிடப் படம், 4 நாள் படப்பிடிப்பு, 14 பேர் குழு என்று வைத்துக்கொண்டால் 3 லட்சம் ரூபாய் தேவை. கேமரா, விளக்கு, ஒலிக்கருவி வாடகைக்கு 94,000. சாப்பாடு, வண்டி, கலை, உடைக்கு 62,400. நடிகர், தொழில்நுட்பக் கலைஞர் ஊதியத்துக்கு 60,000. படத்தொகுப்பு, நிறத் திருத்தம், ஒலிக்கலவை, இசைக்கு 70,000. சப்டைட்டில், டிசிபி (திரையரங்கில் ஓட்டும் டிஜிட்டல் பிரதி), ஹார்டு டிஸ்க்குகளுக்கு 13,600. ஊதியத்தை இதில் தனியாகக் காட்டியிருப்பது வேண்டுமென்றேதான். நண்பர்கள் சும்மா வந்து வேலை செய்வார்கள் என்று கணக்குப் போட்ட படங்கள் மூன்றாம் நாளே ஆள் இல்லாமல் நிற்கின்றன.

இத்தொகையை நான்கு தவணைகளாகத் தர வேண்டுகிறோம்: திரைக்கதை இறுதியானதும் 60,000, படப்பிடிப்புக்கு ஒரு வாரம் முன்பு, அட்டவணையையும் இட அனுமதிக் கடிதங்களையும் காட்டியதும் 1,50,000, ரஃப் கட் (முதல்கட்டத் தொகுப்பு) ஒப்படைத்ததும் 60,000, முடிந்த படமும் கணக்குத் தணிக்கையாளரின் நிதிப் பயன்பாட்டுச் சான்றிதழும் தந்த பின் 30,000. செலவுக் கணக்கில் ஒரு தளர்வு கட்டாயம் வேண்டும். டீக்கடையும் ஆட்டோவும் ஜிஎஸ்டி பில் தருவதில்லை. மொத்தத்தில் 10 சதவீதம் வரை இயக்குநர் கையொப்பமிட்ட செலவுச்சீட்டை ஏற்றால் போலி பில் தேடும் வேலை இல்லாமல் போகும்.

திட்டத்தின் காலண்டர் தவறினால் எல்லாம் தவறும். ஜனவரியில் நிதி ஒதுக்கினால், மார்ச் 31-க்குள் செலவழிக்க வேண்டிய நெருக்கடியில் திரைக்கதைத் திருத்தமும் ஒலி வேலையும்தான் முதலில் வெட்டுப்படும். ஏப்ரலில் அறிவிப்பு, ஜூனில் தேர்வு, ஜூலையிலும் ஆகஸ்ட் முற்பாதியிலும் திரைக்கதைத் திருத்தம் என்று வைக்கலாம். இதில் பெரும்பகுதி ஆடி மாதம். ஊருக்கு ஊர் அம்மன் கோயில் ஒலிபெருக்கி கட்டியிருக்கும்போது நேரடி ஒலிப்பதிவு நடக்காது, எழுத்து வேலை நடக்கும். ஆவணி பிறந்ததிலிருந்து செப்டம்பர் முடிய, வடகிழக்குப் பருவமழைக்கு முன் படப்பிடிப்பை முடித்துவிடலாம். நவம்பரில் ரஃப் கட், ஜனவரியில் முழுப்படம்.

வழிகாட்டுதல் என்றதும் பிரபல இயக்குநர் ஒருவரை அழைத்து ஒரு நாள் பேசவைப்பது வழக்கமாக இருக்கிறது. அரங்கம் நிறையும், செல்ஃபி எடுக்கலாம், படத்துக்கு ஒன்றும் ஆகாது. எழுத்து, ஒலி, படத்தொகுப்பு ஆகியவற்றில் பணியாற்றுவோரையே வழிகாட்டுநராக நியமித்து, படம் ஒன்றுக்கு நான்கு அமர்வுகள், அமர்வுக்கு 5,000 ரூபாய் மதிப்பூதியம் என வகுக்க வேண்டுகிறோம்.

முதல் அமர்வு திரைக்கதைக்கு. 12 பக்கத்தில் ஏழு இடங்களும் மூன்று இரவு வெளிப்புறக் காட்சிகளும் இருந்தால், இடம் மாறுவதிலேயே பாதிநாள் போகும், ஜெனரேட்டர் வாடகையும் ஏறும். ஏழை மூன்றாகச் சுருக்கி, இரவுக் காட்சியை அந்திக்கு மாற்ற அனுபவமுள்ள ஒருவர் போதும்.

இரண்டாவது அமர்வு படப்பிடிப்புக்கு முன், ஒலிக்கும் கேமராவுக்கும். புதியவர்களின் படங்கள் பெரும்பாலும் காட்சியில் தோற்பதில்லை, ஒலியில்தான் தோற்கின்றன. கேமராவின் உள்மைக்கை நம்புவது, பம்புசெட் ஓடும் தோப்பை இடமாகத் தேர்வது, ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் 30 வினாடி ரூம் டோன் (அந்த இடத்தின் இயல்பான பின்னணி ஒலி) எடுக்க மறப்பது, பிறகு வெட்டுக்கு வெட்டு பின்னணி இரைச்சல் குதிப்பது என்று வரிசையாக வரும். செல்போனில் எடுப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். போனின் சாதாரண கேமரா செயலியில் ஃபிரேம் வேகம் நிலையாக இருப்பதில்லை. தனியாகப் பதிந்த ஒலி, நீண்ட ஷாட்டின் முடிவில் உதட்டசைவிலிருந்து விலகிவிடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமராவின் ஷட்டர் வேகம் 1/60 வினாடியில் இருந்தால் டியூப்லைட்டும் மலிவான எல்இடி விளக்குகளும் படபடக்கும். வினாடிக்கு 24 ஃபிரேம், 1/50 ஷட்டர் என்று முதலிலேயே பூட்டிவிட்டால் டிசிபி வரை வேகமாற்றத் தொல்லையும் வராது. மெமரி கார்டை அழிக்கும்முன் இரண்டு டிஸ்க்குகளில் பிரதி என்பதை நிதி ஒப்பந்தத்தின் நிபந்தனையாகவே சேர்க்கலாம்.

மூன்றாவது அமர்வு ரஃப் கட்டுக்கு. இசை சேர்க்கும் முன் நடக்க வேண்டும். தற்காலிகமாகப் போட்ட சினிமாப் பாட்டு காதுக்குப் பழகி, கடைசியில் அதையே விட்டுவைப்பார்கள். யூடியூபில் பதிப்புரிமைக் கோரிக்கை வரும், விழாக்களிலும் படம் நிராகரிக்கப்படும். நான்காவது, ஒலிக்கலவை. ஹெட்ஃபோனில் கலந்த படம் அரங்கில் வசனம் விழுங்கி, இசை முட்டி ஒலிக்கும். தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தின் ஒலிக்கூடத்தை, மாணவர் பயிற்சி இல்லாத நாட்களில், படம் ஒன்றுக்கு இரு நாள் கட்டணமின்றித் தர ஆணையிட வேண்டுகிறோம்.

தேர்வுக்கு 15 பக்கத்துக்கு மிகாத திரைக்கதை, ஒரு பக்க இயக்குநர் குறிப்பு, செலவுத்தாள், 2 நிமிடச் சோதனைக் காட்சி போதும். முன்பு வாங்கிய விருதுகளைக் கேட்கக் கூடாது. புதியவர்களுக்கான திட்டம் இது. பெயர், ஊர் நீக்கிய பிரதியே குழுவுக்குப் போகட்டும். வழிகாட்டுநர் தேர்வுக்குழுவில் இருக்கக் கூடாது. பெண் இயக்குநர்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியின இயக்குநர்களுக்கும் கேரளத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் தனித் திட்டங்கள் நடத்துகிறது. இங்கும் பாதி இடங்களை அவ்வாறு ஒதுக்க வேண்டும்.

ஆண்டுக்கு 10 படங்கள் என்றால் நிதியுதவி 30 லட்சம், வழிகாட்டுநர் மதிப்பூதியம் 2 லட்சம். ஐந்து முழுநீளப் படங்களின் மானியத்தைவிட இது 3 லட்சம் குறைவு.

பதிப்புரிமை இயக்குநரிடமே இருக்கட்டும். அரசு நூலகங்களிலும் பள்ளிகளிலும் லாபநோக்கின்றித் திரையிடும் உரிமையை மட்டும் அரசு பெற்றுக்கொள்ளலாம். முதல் திரையிடலை மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் நடத்த இடம் ஒதுக்கவும், 1952-ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டப்படி பொதுத்திரையிடலுக்குத் தேவையான தணிக்கைச் சான்றிதழ் விண்ணப்பத்துக்கு மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகம் உதவவும் கேட்டுக்கொள்கிறோம்.

வரும் நிதிநிலை அறிக்கைக்கான துறைக் கோரிக்கைகள் இறுதியாகும் முன், இத்திட்ட வரைவை நேரில் விளக்க அரைமணி நேரம் ஒதுக்கித் தருமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நான்கு மாவட்டக் குறும்படக் கலைஞர்கள்

இடம்: மதுரை

இணைப்பு: மாதிரிச் செலவுத்தாள், தவணை அட்டவணை, வழிகாட்டுநர் அமர்வுப் படிவம், கையொப்பப் பட்டியல்.

நகல்: மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலர், மதுரை.