வளைந்து கூடிய எலும்புக்கும் சிகிச்சை வேண்டும்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கும் துறைச் செயலாளர் அவர்களுக்கும் வணக்கம்.

சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாச் சிகிச்சை தரும் திட்டத்தை 2021 டிசம்பரில் அரசு தொடங்கியது. என் தம்பியும் அதில் பயன்பெற்றவன்தான், அந்த நன்றி இருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டார்கள். முதல் சில வாரங்களில் வீக்கம் வற்றினால் கட்டு தளரும், உள்ளே எலும்பு நகரும், அதனால் அடிக்கடி எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். இது எந்த எலும்பு மருத்துவருக்கும் தெரியும். எங்களிடம் சொன்னதோ, "கட்டுப் பிரிக்க வாங்க" என்பது மட்டும். பிரித்தபோது கால் வளைந்திருந்தது, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது.

அவன் கொத்தனார். சாரத்துப் பலகையில் இப்போது அவன் பாதம் படிவதில்லை. ஏறினாலும் முழங்கால் வலி நிற்க விடுவதில்லை. கீழே நின்று சித்தாள் கூலிக்குக் கலவை போடுகிறான். அவனிடம் கரண்டி பிடிக்கக் கற்ற பையன் மேலிருந்து கலவை கேட்கிறான், இவன் தலை நிமிராமல் சட்டியைத் தூக்கிக் கொடுக்கிறான். மாற்றுத்திறனாளி சான்று கேட்டோம், ஊனம் 40 சதவீதம் வரவில்லை என்றார்கள். காப்பீட்டு அட்டையை நீட்டினோம், பழைய முறிவு என்று திருப்பி அனுப்பினார்கள். எலும்பு கோணலாகக் கூடினால் அது பழைய முறிவாகத்தானே இருக்கும்?

இதைச் சரிசெய்ய வழியில்லாமல் இல்லை. கோணிய இடத்தில் எலும்பை வெட்டி, நேராக்கி, உலோகத் தகடோ தண்டோ வைக்கிறார்கள். கால் குட்டையாகியிருந்தால் வெளியே வளையம் வைத்து, கம்பிகளால் எலும்போடு பொருத்தி, நாளுக்கு நான்கு முறை 0.25 மில்லிமீட்டராகத் திருகி, மொத்தம் ஒரு மில்லிமீட்டர் நீட்டுகிறார்கள். சைபீரியாவின் குர்கன் நகரில் இலிசரோவ் என்ற மருத்துவர் 1950களில் உருவாக்கிய முறை இது. ஒரு சென்டிமீட்டர் நீட்டினாலே வளையம் ஒரு மாதத்துக்கு மேல் காலில் இருக்கும். கம்பி நுழையும் இடத்தில் சீழ் பிடிக்காமல் பார்க்க வேண்டும். அந்தக் காலோடு கூலிக்காரர் ஒருவர் எத்தனை முறை பஸ் ஏறித் தலைநகருக்கு வருவார்? ஆகவே மாவட்டத்திலேயே இந்தச் சிகிச்சை வேண்டும் என்கிறேன்.

இன்னொன்று. போன இடமெல்லாம் முதல் கேள்வி, "நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டீங்களா?" என்பதுதான். நாங்கள் போகவில்லை. போகிறவர்கள் ஏன் போகிறார்கள் என்று துறை யோசித்திருக்கிறதா? புதுக் கட்டடங்கள் திறக்கிறீர்கள், அதற்குள் நோயாளியை நிமிர்ந்து பார்த்துப் பேச ஆளும் நேரமும் வேண்டாமா?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவோடு கேட்பது இதுதான்: ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கோணலாகக் கூடிய எலும்புகளுக்கென்று வாரம் ஒரு நாள் தனிப் பிரிவு நடத்துங்கள். திருத்த அறுவை சிகிச்சையையும் வளையம் கழற்றும் வரையிலான செலவையும் காப்பீட்டில் ஏற்க வேண்டும் என்று மருத்துவமனைகளுக்குத் தெளிவாக உத்தரவிடுங்கள். மாவுக்கட்டு போட்டு அனுப்பும்போதே அடுத்த எக்ஸ்ரே தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கட்டடத் தொழிலாளியின் அக்கா