காற்றுக்கும் அளவு உண்டு: பெட்ரோல் நிலைய நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். உங்கள் நிலையங்களின் ஓரத்தில் நிற்கும் காற்றடிக்கும் இயந்திரங்களைப் பற்றிய புகார்கள் உங்களுக்குப் புதியவை அல்ல. ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன். அந்த இயந்திரம் காட்டும் எண் மெய்யாக இருக்க வேண்டும். நான் கேட்பது அவ்வளவே.

சென்ற வாரம் குடும்பத்தோடு வெளியூர் கிளம்புமுன், டயர்கள் சூடேறாத விடியற்காலையில், எங்கள் எஸ்யூவிக்குக் காற்றடிக்க வந்தேன். ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுத்தாளில், சாதாரண ஓட்டத்துக்கு நான்கு டயர்களுக்கும் 33 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) என்றும், ஆட்களும் மூட்டைகளும் நிறைந்தால் பின்டயர்களுக்கு மட்டும் 38 என்றும் போட்டிருக்கிறது. அந்த எண்களையே வைத்து, இயந்திரம் ஓசை எழுப்பும் வரை காத்திருந்து, புதிதாக வாங்கியிருந்த கையடக்க அளவுமானியை வால்வில் அழுத்திப் பார்த்தால் முன்டயரில் 27, பின்டயரில் 32. "மிஷின் தப்பாக் காட்டாதுங்க, உங்க மீட்டர்லதான் கோளாறு" என்றார் உங்கள் ஊழியர். அடுத்து நின்ற டயர் கடையில் ஒப்பிட்டபோது என் மீட்டர் அரை பி.எஸ்.ஐ. கூடப் பிசகவில்லை.

பிசகியது எதுவென்று டயரே சொன்னது. கடைக்காரர் என் விரலைப் பிடித்து டயரின் குறுக்கே தடவ வைத்தார்: நடுவில் பள்ளங்கள் ஆழமாக இருக்க, இரு ஓரங்களும் வழவழவென்று தேய்ந்திருந்தன. மாதக்கணக்காக உங்கள் இயந்திரத்தை நம்பிக் குறைந்த காற்றில் ஓட்டியதன் பலன் அது. காற்று குறைந்தால் பாரம் ஓரங்களில் விழுகிறது. பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மடங்கி மடங்கிச் சூடேறுகிறது. ஏழு பேரை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் விரையும்போது டயர் வெடிப்பதற்கு அந்தச் சூடு போதும். எச்சரிக்கை விளக்கு இருக்கிறதே என்பீர்கள். பல வண்டிகளில் அழுத்தம் ஏறத்தாழ கால் பங்கு குறைந்த பிறகே அது எரியும், அதாவது 33 இருக்க வேண்டிய டயர் 25க்கு இறங்கிய பிறகு. எங்கள் 27 அதற்குத் தென்படவே இல்லை.

பெட்ரோல் ஒரு சொட்டுக் குறைந்தாலும் கேள்வி வரும் என்று அந்தக் குழாய்க்கு முத்திரை வைத்துக் காக்கிறீர்கள். காற்று இலவசம் என்பதால் அதன் அளவும் உங்கள் விருப்பம் போலும். சலுகை அட்டை வேண்டுமா என்று மூன்று முறை கேட்கும் உங்கள் ஊழியர்களுள் ஒருவர்கூட, வண்டிக்கு எத்தனை பி.எஸ்.ஐ. என்று இதுவரை என்னைக் கேட்டதில்லை. கேட்காமலே எல்லா வண்டிக்கும் ஒரே எண்ணை வைத்து அடித்துவிடும் தாராளத்தை என்னவென்று புகழ்வது!

மன்னிக்கவும், கோபத்தில் எழுதிவிட்டேன். பணிவாகக் கேட்பது இதுதான்: இயந்திரம் காட்டும் எண் மெய்யாக இருக்கட்டும். குறித்த இடைவெளியில் சரியான அளவுமானியோடு ஒப்பிட்டுத் திருத்தி, கடைசியாகச் சோதித்த தேதியை அதன்மேலேயே எழுதி ஒட்டுங்கள். அதுவரை 'பழுது' என்ற பலகையையாவது மாட்டிவையுங்கள்; அந்தப் பலகையையாவது நம்பலாம்.

இப்படிக்கு,
நான்கு டயர்களையும் காலத்துக்கு முன்பே மாற்றிய ஒரு வாடிக்கையாளர்