29சி எழுதுவது

அன்பு மகன் கார்த்திக்கு, அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் நலமறிய ஆவல்.

அம்மா பருப்புப் பொடியும் கறிவேப்பிலைப் பொடியும் அரைத்திருக்கிறாள். இந்தக் கடிதத்தை அந்தப் பார்சலுக்குள்தான் வைக்கிறேன். டப்பா மூடியைச் சுற்றி செல்லோடேப் ஒட்டியிருக்கிறேன், போன தடவை மாதிரி கொட்டாது. கூடவே ஒரு கோடாலி தைலம் இருக்கிறது. ராத்திரி படுக்கப் போகும்போது மணிக்கட்டில் தேய். அழுத்தித் தேய்க்காதே, மெதுவாகத் தேய்த்துவிட்டு ஒரு துணியைச் சுற்றிக்கொள். மணிக்கு ஒரு தடவை எழுந்து நட.

போனில் பேசாமல் ஏன் லெட்டர் என்று நினைப்பாய். போன் போட்டால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்கிறாய். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, சில நாள் ஒரு கட்டைவிரல் வருகிறது. அம்மாவுக்கு அந்தக் கட்டைவிரல் போதும், பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று போய்ப் படுத்துவிடுவாள். எனக்குப் போதவில்லை. நிதின் பிறந்தநாளுக்குக்கூட நீ கூப்பிடவில்லை. அவன் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கேக் வெட்டி முடிக்கும் வரை அக்கா போனைக் கையிலேயே வைத்திருந்தாள்.

சரி, ஊர் விஷயம். பின்வீட்டுக் கொய்யா மரத்தை வெட்டிவிட்டார்கள். பெரியப்பா அந்த வேலூர் விவகாரத்தை மறுபடி கிளறினார், நான் வாயே திறக்கவில்லை. மெட்ரோ வேலையால் அயனாவரத்திலிருந்து பெரம்பூர் போக முன்னைவிட இரண்டு மடங்கு நேரமாகிறது. வேறு ஒன்றும் விசேஷமில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீ ராத்திரியில் மரியோ வீடியோ கேமை எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம் என்று ஓடுவதை லைவாகப் போடுகிறாய் அல்லவா, அதை நான் பார்க்கிறேன். ஒரு வருஷமாகவே பார்க்கிறேன். நிதின்தான் என் போனில் போட்டுக் கொடுத்தான், பெயர் என்ன வைக்கட்டும் தாத்தா என்று கேட்டான், என் பழைய பஸ் நம்பர், 29சி என்று வை என்றேன். நீகூட ஒரு நாள் "வாங்க 29சி, பெரம்பூரா நீங்க?" என்று கேட்டாய். எனக்குக் கை நடுங்கிவிட்டது. பதில் போடத் தெரியாமல் இல்லை. ஆமாம் என்று போட்டால் அடுத்த கேள்வி கேட்பாயே என்றுதான் பேசாமல் இருந்தேன். உன்னைப் பார்க்கிற நாலைந்து பேரில் ஒருவன் உன் அப்பன்.

கடைசியாக நீ ஓடிய ராத்திரி எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. திரையின் ஓரத்தில் இதுவரை எத்தனை முறை முயன்றாய் என்ற எண் ஓடுமே, அது அன்று 14,306. கீழே சின்னப் பெட்டியில் உன் கைகள் மட்டும் தெரியும். எட்டாம் உலகத்தின் இரண்டாம் ஸ்டேஜ், அந்த 8-2இல் விழுந்தாய். வழக்கமாக விழுந்த அடுத்த நொடியே ரீசெட் அடித்துவிடுவாய். அன்று அடிக்கவில்லை. வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாய். விரலை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினாய், மோதிர விரல் முழுதாக மடங்கவில்லை. அப்புறம் திரை இருண்டது. அதோடு சரி. இன்றைக்கு 23 நாள் ஆகிறது. ராத்திரி பத்தரைக்கு போனைத் திறந்து பார்க்கிறேன், நீ இல்லை. தினசரிக் காலண்டரில் கிழித்த தாளையெல்லாம் எறியாமல் வைத்திருக்கிறேன்.

எதற்காக நிறுத்தினாய் என்று நான் கேட்கவில்லை. அது உன் இஷ்டம். டாக்டரிடம் போனாயா என்று மட்டும் சொல். எலும்பு டாக்டரிடம் போ, மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு சும்மா இருக்காதே. மணிக்கட்டை மேஜை விளிம்பில் அழுத்தி வைக்காதே. மணிக்கு ஒரு தடவை எழுந்து நட.

உனக்கு இந்த விளையாட்டைக் கொடுத்ததே நான்தான். 2004 தீபாவளி போனஸில் பர்மா பஜாரில் பேரம் பேசி டிவி கேம் வாங்கி வந்தேன், மஞ்சள் கேசட்டோடு. உனக்கு எட்டு வயது. அம்மா அன்று என்ன சொன்னாள் என்பது உனக்கே தெரியும்.

ஆனால் நீ என்ன செய்கிறாய் என்று எனக்குப் புரிந்தது 2021 லாக்டவுனில், சமையல்கட்டில் வைத்து. அம்மா உப்புமா கிண்டிக்கொண்டிருந்தாள். 1985இல் வந்த விளையாட்டு, இந்த வருஷம்தான் முதல் தடவையாக ஒருத்தர் 4 நிமிஷம் 55 விநாடிக்குக் கீழே முடித்திருக்கிறார் என்று ஓடி வந்து சொன்னாய். முப்பத்தாறு வருஷமாக அந்த வாசலை யாராலும் தாண்ட முடியவில்லை. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு ஃபிரேமாக, அதாவது திரையில் மாறுகிற ஒவ்வொரு படமாகத் திட்டம் போட்டு ஓடவிட்டால்கூட 4:54க்குக் கீழே போகாது என்றும் சொன்னாய். அப்படியானால் இத்தனை பேர் இத்தனை வருஷம் பாடுபடுவது ஒரு விநாடிக்கும் குறைந்த இடத்துக்காகத்தானே என்று கேட்டேன். "ஆமாம்பா" என்றாய். அந்த "ஆமாம்பா"வில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்குப் பிறகு உன் குரலில் கேட்கவில்லை.

அப்போதுதான் அந்த 21 ஃபிரேம் கணக்கைச் சொன்னாய். மரியோ ஒரு ஸ்டேஜை முடித்தாலும் உடனே அடுத்தது வராது, விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடுகிற விளையாட்டு 21 ஃபிரேமுக்கு ஒரு முறைதான் வழிவிடும், ஏறக்குறைய 0.35 விநாடிக்கு ஒரு தடவை. "உங்க பஸ் மாதிரிதான்பா. எவ்வளவு சீக்கிரம் ஸ்டாண்டுக்கு வந்தாலும் டைமுக்குத்தானே எடுப்பாங்க?" என்றாய். எனக்கு அது சொல்லி முடிப்பதற்குள் புரிந்துவிட்டது. பெரம்பூரில் 29சிக்கு டைம் போட்டவன் நான். பெசன்ட் நகரில் கிளம்பி அடையாறு, லஸ், ஜெமினி எல்லாம் தாண்டி நாலு நிமிஷம் முன்னாலேயே வண்டி வந்து நின்றாலும் அடுத்த டிரிப் அதன் நேரத்துக்குத்தான் எடுக்கும். டிரைவர் ஒரு டீ குடிக்கலாம், அவ்வளவுதான். ஆனால் ஒரு டிரிப் தவறிவிட்டால் அன்றைக்குப் பொழுது முழுக்க அந்த வண்டி பின்தங்கியே ஓடும். பத்து ஃபிரேம் மிச்சம் பிடித்தாலும் முந்தின பஸ்ஸைப் பிடிக்காவிட்டால் அது கணக்கில் வராது என்றாய். கடைசி 8-4இல் மட்டும் பஸ் கிடையாது, முடிவில் இருக்கிற கோடாலியை மரியோ தொட்ட கணத்தில் நேரம் நின்றுவிடும், அங்கே ஒவ்வொரு ஃபிரேமும் காசு என்றாய். என் தொழிலை வைத்து நீ எனக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுத்தது அன்றைக்குத்தான். உப்புமா ஆறிப்போனது. நான் சர்வீஸில் இருந்தபோது நீ ஒரு நாளும் என் வேலையைப் பற்றிக் கேட்டதில்லை, ஆனால் எல்லாவற்றையும் கவனித்திருக்கிறாய்.

அன்று ராத்திரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 32 ஸ்டேஜில் நீங்கள் ஓடுவது எட்டு. 1-1, 1-2, குழாய் வழியாக 4-1, 4-2, அங்கிருந்து நேராக எட்டாம் உலகத்தின் நான்கும். ஒவ்வொன்றும் இரண்டுக்கு ஒரு தடவை சரியாக அமையும் என்று வைத்தாலே, எட்டும் சேர்ந்தாற்போல அமைவது 256இல் ஒரு தடவை. அதைக் காட்டினேன். "ரெண்டுக்கு ஒண்ணா? 8-2இல அந்த பீரங்கிக் குண்டு சரியா ஸ்டேஜ் முடிவுல கொடிக்கம்பத்துகிட்ட வந்து மாட்டுறதே அபூர்வம்பா" என்று சிரித்தாய். அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கில் நீ முயல்வதை நான் பைத்தியக்காரத்தனம் என்று நினைக்கவில்லை. ஆனாலும் அப்படித்தான் சொன்னேன், நாலு பேர் முன்னால் சொன்னேன். கணக்குத் தெரிந்த பிறகும் சொன்னேன்.

உன் அறைக்கு வெளியே ஹாலில்தானே என் பாய். பாட்டை வைத்தே நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். முதல் பாட்டு ஆரம்பித்து ஆரம்பித்து நிற்கும், அது 1-1 ரீசெட். சுரங்கப் பாட்டு வந்தால் ஒரு படி தாண்டினாய். மறுபடி வெளிப் பாட்டு, மறுபடி சுரங்கம். அப்புறம் நெடுநேரம் வெளிப் பாட்டே ஓடினால் எட்டாம் உலகம். கடைசியில் அந்தக் கோட்டைப் பாட்டு, அது பத்து நாளைக்கு ஒரு தடவை வந்தால் அதிகம். அது வந்தால் நானும் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிடுவேன், உனக்குத் தெரியாது.

போன வாரம் நிதின் எனக்கு ஒன்று காட்டினான். இப்படி ஓடுகிறவர்கள் அமெரிக்காவில் ஒன்றுகூடி ஒரு வாரம் இரவு பகலாக ஓடி, நன்கொடை திரட்டி எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கெல்லாம் கொடுக்கிறார்களாம். 2010இல் முதல் தடவை கூடியபோது போன இடத்தில் இன்டர்நெட் சரியில்லை, அதை நடத்திய பையனுடைய அம்மா வீட்டுக் கீழ்த்தளத்துக்குப் போய் அங்கிருந்தே ஓடியிருக்கிறார்கள். பத்தாயிரம் டாலருக்கு மேல் சேர்ந்ததாம். அந்த அம்மா வீட்டைக் கொடுத்திருக்கிறார். இதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. எழுதத்தான் உட்கார்ந்தேன், நாலு பக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

கார்த்தி, 2022 ஆகஸ்டில் கரெண்ட் போகவில்லை.

மறுநாள் ஒன்பதரைக்கு உனக்கு ஓஎம்ஆரில் இன்டர்வியூ. பத்து மணிக்குப் படு என்றேன், சரிப்பா என்றாய். இரண்டு நாற்பதுக்கு விழித்தேன், பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. கோபம் வந்தது. நேராக வாசல் பக்கம் போய் மெயின் சுவிட்சில் கை வைத்தேன். அப்போது கோட்டைப் பாட்டு ஆரம்பித்தது. நீ உள்ளே நாற்காலியை இழுத்துப் போட்ட சத்தம் கேட்டது. அது என்ன பாட்டு என்று எனக்குத் தெரியும். நீ உன் பழைய 4:57ஐத் தாண்டப் போகிறாய் என்பதும் அந்த நாற்காலிச் சத்தத்திலேயே தெரிந்தது. கையை எடுத்திருக்கலாம், அரை நிமிஷமோ ஒரு நிமிஷமோ நின்றிருந்தால் போதும். எடுக்கவில்லை. இதில் ஜெயித்துவிட்டால் இவன் காலையில் எழுந்து போக மாட்டான் என்று நினைத்தேன், கீழே இழுத்துவிட்டேன். உன் யூபிஎஸ் பேட்டரி செத்து ஆறு மாதம் ஆகியிருந்தது, மாற்றித் தருகிறேன் என்று சொல்லி நான்தான் மாற்றவில்லை.

நீ வெளியே வந்தாய். "கரெண்ட் போயிடுச்சு போல" என்றேன். நீ பால்கனிக்குப் போய் நின்றாய். தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டு மாடியில் பச்சை நைட் லேம்ப் எரிந்தது. எல்லாவற்றையும் பார்த்தாய். திரும்பி வந்து பானையில் தண்ணீர் மொண்டு குடித்தாய், டம்ளரைக் கவிழ்த்து வைத்தாய், போய்ப் படுத்துக்கொண்டாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு போனாய், வேலை கிடைத்தது, தெருவுக்கே ஸ்வீட் கொடுத்தேன். உன்னை ஹைதராபாத்துக்கு அனுப்பியதே என் சாமர்த்தியம் என்று இரண்டு வருஷம் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஒரு டிரிப்பை நான் வேண்டுமென்று ரத்து செய்ததில்லை, 31 வருஷத்தில். உன்னுடையதைச் செய்தேன். நீ கேட்டிருந்தால் அன்றே ஒத்துக்கொண்டிருப்பேன் என்று சொல்லிக்கொள்கிறேன், அதுவும் நிச்சயமில்லை. அம்மாவுக்கு இதுவரை தெரியாது. பார்சலைக் கட்டுவதற்கு முன்னால் அவளிடம் சொல்லிவிடுவேன்.

இதற்குப் பதில் எழுது என்று கேட்கவில்லை. கையைக் காட்டு. வேலை எப்படி இருக்கிறது, இருக்கிறதா, எதுவாக இருந்தாலும் உன் அறையை நாங்கள் மாற்றவில்லை, மேஜை நாற்காலி எல்லாம் அப்படியே இருக்கிறது. 14ஆம் தேதிக்கு சார்மினார் எக்ஸ்பிரஸில் டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறேன். ஏறினால் காலையில் உன்னிடம் இருப்பேன். வர வேண்டாம் என்றால் இரண்டு மிஸ்டு கால் கொடு, கேன்சல் செய்துவிடுகிறேன். கொடுக்காவிட்டால் வருவேன். ஸ்டேஷனுக்கு வராதே, ஆட்டோ பிடித்துக்கொள்வேன். கனமான பை எதையும் அந்தக் கையால் தூக்காதே.

அன்புடன்,
அப்பா

பி.கு.: யூபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி போன வியாழக்கிழமை போட்டுவிட்டேன். ரசீது உன் மேஜை டிராயரில் இருக்கிறது, ஒரு வருஷ வாரண்டி.