முன் சக்கரத்தில் உட்கார்ந்தவளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. அன்றைக்கு வீடியோவில் நான் செய்த சின்ன மாடல் காரைக் காட்டி, அதன் கதையைச் சொல்லப் பார்த்தேன். நீயோ "கிட்டக் காட்டுங்க, இன்னும் கிட்ட" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். நான் பேசிய எதுவும் உன் காதில் ஏறவில்லை. அதனால்தான் இந்தக் காகிதம்.

போன வருஷம் இங்கிலாந்தில் நீ இருக்கும் கவன்ட்ரியில் பழைய கார்களை நிறுத்தியிருந்த இடத்திலிருந்து ஒரு படம் அனுப்பி, "நம்ம வண்டிப்பா!" என்று எழுதியிருந்தாய், ஞாபகம் இருக்கிறதா? அது நம் வண்டி இல்லை. கதவை எண்ணிப் பார், இரண்டுதான். நம் வண்டி, நாலு கதவு வைத்த ஹெரால்டு கார், இந்தியாவில்தான் வந்தது. பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்டு கம்பெனி செய்தது. இப்போது அந்த இடத்தில் ஐ.டி. கட்டடங்கள். நீ இருக்கும் ஊரில் 1959இல் பிறந்த வண்டி, இரண்டே வருஷத்தில் மெட்ராசுக்கு வந்து, அப்புறம் நம் குடும்பங்களின் அளவைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு கதவு போட்டுக்கொண்டது. உன் படத்துக்குப் பதிலாக இதை எழுதத்தான் நினைத்தேன். எழுதுவதற்குப் பதில் மர ஷெட்டுக்குப் போய் ஒரு தேக்குத் துண்டை எடுத்து அளக்க ஆரம்பித்துவிட்டேன். பத்து மாதம் ஆயிற்று.

இரண்டு கதவு ஹெரால்டுக்கு, மாடல் செய்யும் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி முன்பு 1:32 அளவில், பாகங்களை ஒட்டிச் சேர்க்கிற ஒரு கிட் போட்டிருந்தது. நம்முடையதற்கு நான் தேடியவரை எதுவும் கிடைக்கவில்லை. சரி, முப்பத்தாறு வருஷம் ஃபவுண்டரியில் பேட்டர்ன், அதாவது வார்ப்புக்கு மர மாதிரி, செய்தவனுக்கு ஒரு கார் செய்ய வராதா என்று ஒரு திமிர். அங்கே செய்ததும் இதே வேலைதானே? ஒரே வித்தியாசம், வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று சுருங்கும் என்பதால் அங்கே கொஞ்சம் பெரிதாகச் செதுக்குவோம். இங்கே இருபத்துநாலில் ஒரு பங்காக. 1:24 என்றால் அடிக்கு அரை அங்குலம், நல்ல சௌகரியமான கணக்கு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே நிஜத்தில் ஏழரை அடிக்குக் கொஞ்சம் மேல். என் மேஜையில் அது பத்து சென்டிமீட்டர்கூட வரவில்லை.

தேக்கில் உடம்பைச் செதுக்கி, அதன் மேல் சிலிக்கான் ரப்பர் ஊற்றி அச்சு எடுத்து, அச்சில் ரெசின் வார்த்தேன். முதல் வார்ப்பில் கண்ணாடியைத் தாங்கும் தூணுக்குள் காற்றுக் குமிழி. இரண்டாவதில் கூரையில். மூன்றாவது தேறியது. அதற்குப் பட்டி பார்த்து, வாட்டர் பேப்பரில் எண்ணூறு, ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் நம்பர் என்று தேய்த்துக்கொண்டே இருந்தேன். உன் அம்மா வந்து பார்த்துவிட்டு, "இப்படி வீட்டுப் பாத்திரத்தை ஒரு நாள் தேய்த்திருக்கலாம்" என்றாள். நியாயம்தான்.

ஹெரால்டில் ஒரு நல்ல விஷயம் உண்டு. உடம்பு ஒரே வார்ப்பு மாதிரி இருக்காது, துண்டு துண்டாக நட்டு போட்டு சேஸிஸ் என்கிற அடிச்சட்டத்தின் மேல் முடுக்கியது. டிசைன் செய்த மிகெலோட்டி ஆசைப்பட்டு அப்படிச் செய்ததாக நினைக்காதே. வழக்கமாக பாடி செய்து கொடுத்த கம்பெனியைப் போட்டிக்காரர்கள் வாங்கிவிட்டார்கள்; வேறு வழியில்லாமல் பல சின்ன இடங்களில் துண்டுகளைச் செய்து வாங்கிச் சேர்த்தார்கள். அதனால்தான் அந்த வண்டியில் அத்தனை இடுக்கு. மாடல் செய்கிறவனுக்கு இடுக்குதான் உயிர். நான் முதலில் எல்லா இடுக்கிலும் கறுப்பு மையை ஓட்டிவிட்டேன், கார்ட்டூன் மாதிரி ஆகிவிட்டது. நிஜத்தில் நாலு மில்லிமீட்டர் இடைவெளி என்றால் இங்கே மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு. அங்கே கறுப்பு தெரியாது, வண்டியின் நிறமே கொஞ்சம் மங்கித் தெரியும். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, உடம்பு நிறத்திலேயே துளி பழுப்பு கலந்து ஓட்டினேன்.

நிறம் என்றதும் அடுத்த சண்டைக்கு வருகிறேன். நிஜ வண்டியின் பெயின்டை அப்படியே எடுத்துச் சின்ன வண்டிக்கு அடித்தால் இருட்டாகத் தெரியும். தூரத்திலிருந்து பார்க்கிற பொருள் வெளுத்துத் தெரிவது நம் கண்ணுக்குப் பழக்கம், அதனால் சில துளி வெள்ளை சேர்க்க வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் சரி, மூல நிறம் எது? நான் வெளிர் நீலம் என்கிறேன். நீ போனில் பச்சை என்றாய். அம்மா சாம்பல் என்கிறாள். ஆல்பத்தில் இருக்கும் ஒரே கலர் படம் நாற்பது வருஷத்தில் சிவந்து போய், வண்டி, நீ, வேப்பமரம் மூன்றும் ஒரே நிறத்தில் நிற்கின்றன. கடைசியில் நீலத்தில் கொஞ்சம் பச்சை கலந்து அடித்தேன். அம்மாவிடம் சாம்பல் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அடித்தது ஐப்பசியில். பெயின்ட் காய்வதற்குள் ஈரக்காற்று புகுந்து கூரை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது. மழைக்காலத்தில் லாக்கர் பெயின்ட் அடிக்கக் கூடாது என்று எத்தனை பேருக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் தெரியுமா! மறுபடி தேய்த்தேன், தை வெயிலில் அடித்தேன். இன்னொரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன், அப்படியே மாப்பிள்ளையிடம் சொல்லாதே. சட்டை டப்பாவின் பிளாஸ்டிக் தகட்டை வெட்டி முன் கண்ணாடி செய்து, அவசரத்தில் சூப்பர் குளூ வைத்து ஒட்டினேன். அதன் ஆவி பட்டு ராத்திரிக்குள் கண்ணாடி பனி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. இரண்டாவது கண்ணாடியை ஃபெவிகாலில் ஒட்டியிருக்கிறேன், காய்ந்தால் நிறமே தெரியாது.

குரோம் பட்டைக்கு சாக்லேட் சுற்றிவரும் தாள். நம்பர் பிளேட் அந்தக் காலத்துக் கறுப்பில் வெள்ளை எழுத்து. எண்ணை மட்டும் மூன்றுமுறை எழுதினேன், கண் சிமிட்டாமல் எழுத வேண்டும், எனக்குக் கண்ணீர் வந்துவிடுகிறது. வயசு.

ஆனால் பத்து மாதத்தில் நாலு மாதம் போனது பானட்டுக்கு உள்ளே. உனக்குத்தான் தெரியுமே, அந்த வண்டிக்கு பானட் மட்டும் தனியாகத் திறக்காது. பக்கத்துக் கொக்கிகளை விட்டால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முதலை வாயைப் பிளந்த மாதிரி முன்பக்கமாகச் சாயும். எஞ்சின், ஸ்டீயரிங் கம்பி, முன் சக்கரம், எல்லாம் வெட்டவெளி. இன்னொரு காராக இருந்தால் உள்ளே ஒரு கறுப்புக் கட்டையை வைத்து மூடிவிடலாம். இதில் ஏமாற்ற முடியாது. நாலு பிளக்குக்கும் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து ஒயர் போட்டிருக்கிறேன். ஏழு மில்லிமீட்டர் ஒயர் இங்கே நூலளவு. பழைய இயர்போனைப் பிரித்து எடுத்தேன். ரேடியேட்டர் குழாய்க்குக் கிளிப், பேட்டரிக்கு மேல் நான் வைத்துக் கட்டிய சைக்கிள் டியூப் துண்டு, அதுவும் இருக்கிறது. சக்கரம் இடமும் வலமும் திரும்பும். அந்தக் குறுகலான தெருவில் ரிவர்ஸ் எடுக்காமல் ஒரே வீச்சில் திருப்பியதை எதிர்வீட்டுக்காரர் வாய் பிளந்து பார்த்தாரே, அப்படித் திருப்பவாவது வேண்டாமா?

எஞ்சின் முடிந்ததும் எல்லாம் கடையிலிருந்து இப்போதுதான் வந்த மாதிரி பளபளவென்று இருந்தது. நம் வண்டி என்றைக்கு அப்படி இருந்தது? செகண்ட் ஹேண்டில் வாங்கியது. சாக்பீஸையும் கொஞ்சம் செம்மண்ணையும் பொடித்து, மெல்லிய துணியில் சலித்து, பிரஷ்ஷால் உள்ளே தூவினேன். எண்ணெய்க் கறைக்குப் பழுப்பு, சைலன்சர் குழாயில் துரு. டயர் நான்கிலும் தூசி.

அப்புறம்தான் யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் பிளக் கழற்றும்போதெல்லாம் நீ டார்ச்சைப் பிடித்துக்கொண்டு இடது முன் டயர் மேல் ஏறி உட்கார்ந்திருப்பாய். பானட் திறந்தால் அது உனக்கு ஸ்டூல். ஸ்பானர் நம்பர் படிக்கக் கற்றுக்கொண்டதே அங்கேதான். பத்தைக் கேட்டால் பதினொன்றைக் கொடுத்துவிட்டு, "இதுவும் நுழையுதுப்பா" என்பாய். இறங்கும்போது பாவாடைப் பின்பக்கம் முழுக்கக் கறுப்பு. அம்மா என்னைத் திட்டுவாள், உன்னை இல்லை.

பஞ்சுக் குச்சியை லேசாக நனைத்து, இடது முன் டயரின் மேல்பக்கத் தூசியை மட்டும் துடைத்துவிட்டேன். பானட்டை மூடினால் தெரியாது.

சீட் நிறம் மட்டும் பாக்கி. பிரவுனா, நீலமா? அம்மாவிடம் கேட்டால் மறுபடி சாம்பல் என்பாள். நீ யோசித்து எழுது. பார்சலில் அனுப்பச் சொல்லாதே, கண்ணாடி இன்னொரு தடவை செய்ய என்னால் ஆகாது. வரும்போது பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா