மீன்வாடியில் உறைந்திருந்த பல்லுக் கொப்பி

மாட்டுவண்டிச் சவாரிக்கார உறவுகளுக்கும் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

வெள்ளத்தில் என்ன நடந்தது என்று இங்கே எழுதத் தேவையில்லை. தண்ணீர் எதுவரை நின்றது என்பதை ஒவ்வொரு வீட்டுச் சுவரும் இன்னும் காட்டிக்கொண்டுதான் இருக்கிறது. முந்தாநாள் நம் சவாரிச் சங்கத்தின் பொதுக்கூட்டம் முடிந்தது. பழைய தலைவர் ஐயா சாவிக்கொத்தையும் இரண்டு சீ.ஆர். கொப்பிகளையும் (தடித்த அட்டைப் பதிவேடுகள்) புதியவரின் கையில் கொடுத்தார். சாவியால் பெரிய பிரயோசனமில்லை, பூட்டு துருவேறி இறுகிவிட்டது. கொப்பிகள் இருந்தபடியால்தான் கூட்டமே நடந்தது.

ஒன்று சந்தாக் கொப்பி. யாருக்கு வாக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. இந்த முறை இரண்டு பக்கமாக நின்று இழுபட்டது எல்லோருக்கும் தெரியும். பெயரும் கட்டிய திகதியும் வாசிக்கப்பட்ட பிறகு சத்தம் தானாக அடங்கியது.

மற்றது பல்லுக் கொப்பி. நுவரெலியாவில் ஏப்ரலில் ஓடும் குதிரைக்கு, அது சுமக்கும் பாரத்தைத் தராசில் நிறுத்துச் சரிப்படுத்துவார்கள். மாட்டுச் சவாரியில் பல்லைப் பார்த்துத்தான் வயதுப் பிரிவு, அதனால் வாய்தான் தராசு. முதல் சோடிப் பல் இரண்டு வயதளவில் விழுந்து முளைக்கும், நாலரை, ஐந்து வயதளவில் எட்டு முன்பல்லும் நிறைந்துவிடும். தீன் குறைந்த மாட்டுக்கு இது பிந்தும். அதனால் பிறந்த மாதம் பற்றி உடையவர் சொல்வதை எடுப்பதில்லை, வாயைத் திறந்து பார்த்ததைத்தான் எழுதுவோம். பார்த்த திகதி, பல்லின் எண்ணிக்கை, கொம்பின் வாகு, சுட்ட குறி, மயிர்ச்சுழி இருக்கும் இடம் எல்லாம் ஒரே வரியில் வரவேண்டும். சுழி மாறாது என்பதால்தான் குதிரையின் கடவுச்சீட்டிலும் அதை வரைந்து வைக்கிறார்கள். போன பொங்கலுக்கு நாலு பல் என்று எழுதிய மாடு இந்தப் பொங்கலுக்கு இரண்டு பல்லோடு வந்து நின்றால், வந்தது வேறு மாடு. கொப்பி போனால் இதைப் பிடிக்க வழியில்லை.

அந்தக் கொப்பிகளை மீட்டவர் சவாரிக்காரர் அல்ல. மாடு வளர்ப்பவரும் அல்ல. கிண்ணியாப் பக்கம் மீன்வாடி (மீனை வாங்கி வைத்து விற்கும் இடம்) வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணர், நானா ஒருவர். கூலர் லொறியில் குடிதண்ணீர் இறக்க வந்தவர், நாங்கள் நனைந்த கொப்பிகளைத் தகரத்தில் வெயிலுக்கு விரிக்க ஆயத்தமாவதைக் கண்டு கையை நீட்டி மறித்தார். “மீன் மாதிரித்தான். நாறுறதுக்கு முதல் ஐஸ்ல போடுங்க” என்றார்.

சரியான சொல் அது. நனைந்த தாளில் இரண்டு நாளைக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். ஈரத்தோடு பிரித்தால் தாள் கிழியும், வெயிலில் போட்டால் சுருண்டு முறுகும். உறைய வைத்துவிட்டால் பூஞ்சணம் அந்த இடத்திலேயே நின்றுவிடும், காயவைக்க ஆறுதலாக நாள் பார்க்கலாம். நானா கொப்பியை மூடியபடியே இறுகப் பிடித்து, நல்ல தண்ணீரில் சேற்றை மட்டும் அலசினார். பிழியவில்லை, ஒரு தாளையும் பிரிக்கவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக இரட்டைப் பொலித்தீனில் சுற்றி, முதுகு கீழே இருக்க ரெஜிபோம் (வெள்ளை நுரை) பெட்டிக்குள் நிறுத்தினார். ஐஸ் கொட்டும் அறை இதற்குச் சரிவராது. மீனை மாதக்கணக்கில் வைக்கும் −18 பாகை அறையில், கெளவல்லா மீன் பெட்டிகளுக்கு மேல் இடம் ஒதுக்கினார். டீசலுக்கு வரிசை நின்ற நாட்கள் அவை. அந்த அறையில் ஒரு சாண் இடத்துக்கும் விலை இருந்தது. அவர் ஒரு சதமும் வாங்கவில்லை. பெட்டி மூடியில் தடித்த மார்க்கரால் எழுதியிருந்தார்: “மீன் இல்லை. திறக்க வேண்டாம். மாட்டுப் பல்லு.”

காயவைத்தது போட்டோக் கொப்பிக் கடைத் தங்கச்சி. ஒரு நேரத்தில் ஒரு கொப்பிதான் வெளியே எடுத்தார். ஐஸ் இளகிய பிறகு, பத்துப் பதினைந்து தாளுக்கு ஒன்றாக அச்சடிக்காத வெள்ளைத் தாள் செருகினார். பழைய பத்திரிகை என்றால் அதன் மை ஏறிவிடும். நெருக்கமாகச் செருகினாலும் முதுகு வெடிக்கும். மின்விசிறி கொப்பியைப் பாராமல் சுவரைப் பார்த்துச் சுழன்றது. முதல் நாள் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தாள் மாற்றினார். கடைசியில் பலகை வைத்து மேலே செங்கல் ஏற்றினார். குமிழ்முனைப் பேனையால் எழுதியதெல்லாம் அப்படியே இருக்கிறது. ஊற்றுப் பேனையால் அழகாக எழுதிய பக்கங்கள்தான் நீலக் குளமாகிவிட்டன. அந்தப் பக்கத்து மாடுகளுக்கு மறுபடி வாய் பார்க்க வேண்டும், உடையவர்கள் கோபிக்கக் கூடாது.

குளக்கட்டுக்கு மாடுகளை ஏற்றிய தம்பிமார், கந்தளாயிலிருந்தும் சேருநுவரவிலிருந்தும் வைக்கோல் அனுப்பியவர்கள், முழங்கால் தண்ணீரில் வந்து ஊசி போட்ட மிருக வைத்தியர்கள், கோயில் மடத்தில் உலை வைத்த அக்காமார், தொலைபேசியில் துணைநின்ற வடக்குச் சவாரிக்காரர்கள், எல்லோருக்கும் சேர்த்து நன்றி. தனித்தனியாக எழுதினால் இந்த மடல் முடியாது. மறுபடி நிற்க மாட்டேன் என்று சொல்லி, சொன்னபடியே ஒதுங்கிய பழைய தலைவருக்கும் நன்றி. நம் சங்கங்களில் அது அடிக்கடி நடப்பதில்லை.

புதியவருக்குக் கிடைத்திருப்பது பஞ்சுமெத்தை அல்ல. முதல் வேலை குளம்பு. நாட்கணக்காகத் தண்ணீரில் நின்ற குளம்பு ஊறி, பிளவுக்குள் அழுகல் இறங்கியிருக்கிறது. இப்போது ஓட்டினால் ஒரே ஓட்டத்தில் நொண்டும். சேற்றையும் சாணியையும் முதலில் கழுவுங்கள், அழுக்கோடு இறக்கினால் மருந்து வேலை செய்யாது. பத்து லீட்டர் தண்ணீருக்கு 500 கிராம் மயில்துத்தம் கரைத்து அதில் கால் நிற்க விடுங்கள். பிறகு காய்ந்த தரையில் கட்டுங்கள். மிஞ்சிய கரைசலைக் குளத்திலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள், மீனுக்கு நஞ்சு. நானாவுக்குச் செய்யும் நன்றி அதுவல்ல.

இரண்டாவது, ஆணி. மாட்டை விரட்டும் துவரங்கம்பின் நுனியில் ஆணி வைப்பதை இனிக் கண்டும் காணாமல் விட முடியாது. மிருகவதைக்கு எதிரான கட்டளைச் சட்டம் 1907 முதல் இருக்கிறது, கைத்தொலைபேசியோ இன்று எல்லோர் கையிலும் இருக்கிறது. ஒரு படம் போதும், திடலே மூடப்படும். மாட்டை வண்டியில் பூட்டுவதற்கு முன் கம்பைத் தடவிப் பார்ப்பது என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டிருக்கிறது. இதில் தலைவரின் மைத்துனருக்கும் விலக்கில்லை. (சிரித்தவர்களுக்கு விளங்கும்.)

குளம்பு இறுகும்வரை சவாரி இல்லை. இனிக் கொப்பியில் குமிழ்முனைப் பேனை மட்டும். ஒவ்வொரு புரட்டாசியிலும், மாரி தொடங்குமுன், முழுக் கொப்பியையும் படியெடுத்து மேட்டு நிலத்து வீடொன்றில் வைப்போம்.

நானா, பெட்டியைக் கழுவிக் காயவைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த பிறகு கொண்டுவந்து தருகிறோம். மூடியில் நீங்கள் எழுதியதை அழிக்கவில்லை.

இப்படிக்கு,
பழைய, புதிய நிர்வாகத்தினர்
திருகோணமலை